மாற்றுக் கீப்பர்

ஏழு ஆண்டு.
அதில் பதினொரு நிமிடம் ஆடினேன்.
மீதி எங்கே போனது என்று கேட்டால்
பத்து காவான் மைதானத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் காட்டுவேன்:
இடமிருந்து நான்காவது, முதுகு வெடித்தது,
மழை விட்ட பிறகும்
ஒரு மணி நேரம் ஈரம் விடாதது.

சட்டையில் இருபத்திரண்டு.
அதற்கு மேல் தவமலர் என்று இருக்க வேண்டும்.
அச்சடித்தவன் கடைசி எழுத்தை விட்டுவிட்டான்.
அம்மா மார்க்கர் வாங்கிவந்து
விட்டுப்போனதை எழுதினாள்.
முதல் சலவையில் போயிற்று.
மூன்று சீசன் தவமலாவாகவே
குனிந்து நிமிர்ந்தேன்.

சம்பளம் ஆயிரத்து இருநூறு ரிங்கிட்,
வருகிற மாதங்களில்.
வராத மாதங்களுக்குப்
பாயான் லெப்பாசில் இரவு ஷிப்ட்.
வெள்ளை அங்கி, முகமூடி, நுண்ணோக்கி;
நகக்கண் அளவு சில்லில் கீறல் தேடுவது.
விடியும்போது கம்பெனி பஸ் பாலம் ஏறும்.
கடல் நடுவே தூங்கிப்
பிறையில் விழிப்பேன்.
மாலை நாலரைக்குக் கையுறை.

ஆடாதவளுக்கு என்ன பயிற்சி என்பார் மாமா.
ஹஸ்லினாவை நோக்கி உதைப்பது, அதுதான்.
அவள் முதல் கீப்பர்.
தாழ்வாக, இடது கம்பத்தை ஒட்டி,
அவளுக்குப் பிடிக்காத இடமாகப் பார்த்து
நாளுக்கு இருநூறு.
சனிக்கிழமை அதே மூலைக்கு அவள் பாய்ந்து
விரல் நுனியால் தட்டிவிடும்போது
எல்லாரும் எழுந்து நிற்பார்கள்.
நானும் நிற்பேன்.
அந்தப் பந்து என் பாதத்தில்
வியாழக்கிழமையே வலித்திருக்கும்.

பொறாமை இருந்தது, மறைப்பானேன்.
அவளுக்குச் சளி பிடித்தால்
பனடால் வாங்கிக் கொடுப்பேன்,
வேலை செய்யக் கூடாது என்று
நினைத்துக்கொண்டே.

எழுபத்தொன்பதாவது நிமிடம்.
ஒன்றுக்கு பூஜ்யம், நாங்கள் மேலே.
கார்னர்.
தைப்பூசத்துத் தேங்காய் மாதிரி
இரண்டு தலை மோதிய சத்தம்.
ஹஸ்லினா எழுந்திருக்கவில்லை.
கோச் விரலை நீட்டினார்.
என்னைத்தானா என்று திரும்பிப் பார்த்தேன்;
பின்னால் தண்ணீர்ப் புட்டிகள்தான் இருந்தன.

கிரி! கிரி! நாயிக்! கெலுவார்!
மலாயில் தொடங்கிய கத்தல்
மூச்சு முட்டியதும் தமிழாகிவிட்டது:
ஒட்டிக்கோ, ஒட்டிக்கோ, அவள விடாத!
சியூ பிங்குக்குத் தமிழ் தெரியாது.
விடவில்லை.

ஒரு பந்து எல்லார் தலைக்கும் மேலே
தானாகவே வெளியே போனது.
ஒன்றைப் பின்னால் தட்டிக் கொடுத்தார்கள்,
தூக்கி உதைத்தேன்.
கோலை நோக்கி ஒன்றும் வரவில்லை.
கையுறை, வாங்கிய நாள் போலவே இருந்தது.
கூடுதலாகக் கொடுத்த நான்கு நிமிடம்
கணக்கில் சேராது என்றார்கள்.

மறுநாள் பத்திரிகையில் நாலு வரி.
மாற்றுக் கீப்பருக்கு வேலை இருக்கவில்லை
என்று முடிந்தது.
கேன்டீனில் ரொட்டி சானாய் தொட்ட விரலோடு படித்தேன்.
எதிரணிப் பதினேழாம் எண்
கால் ஓங்கிய மூன்று முறையும்
குறுக்கே ஒரு கால் வந்து நின்றதே,
அதை அங்கே நிறுத்திய சத்தத்துக்குப்
புள்ளிவிவரத்தில் கட்டம் இல்லை.

பிப்ரவரியில் குழுவைக் கலைத்தார்கள்.
வாட்ஸ்அப்பில் ஒரு வரி,
முடிவில் கும்பிடும் கைகள்.
இரண்டு மாதச் சம்பளம் இன்னும் பாக்கி.
ஹஸ்லினா ஈப்போவில்
பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறாள்;
தலைவலி வந்தால் எனக்குத்தான் முதலில் எழுதுவாள்.
பனடால் போடு என்பேன்,
இப்போது மனதார.

அந்த ஞாயிறு இரவைச் சொல்லவில்லையே.
ஷிப்டில் பேர் கூப்பிட்டார்கள்.
வாய் திறந்தேன், காற்றுதான் வந்தது.
தொண்டையா, மருந்து எடுத்தாயா என்றாள்
சூப்பர்வைசர் மிஸ் கோ.
எடுத்தேன் என்று தலையை ஆட்டினேன்.
எடுக்கவில்லை.
மூன்று நாள்
நுண்ணோக்கியில் கண் வைத்தபடி
எச்சில் விழுங்கி விழுங்கிப் பார்த்தேன்,
வலி இன்னும் இருக்கிறதா என்று.