தொண்ணூற்றொன்பது

நெற்றி முடிந்தது. புருவங்கள் வந்துவிட்டன.
இமையின் மேல்விளிம்பைத் தொட்டதும்
திரை இருண்டது.
கருங்கல்லின் மேல் ஊசி
நின்ற இடத்திலேயே நின்றது.
காலையிலிருந்து இது மூன்றாம் முறை.

குட்டாயிசியில் ஜூலை.
பட்டறைக்குத் தகரக் கூரை.
முற்றத்தில் ஸாஸா கல் அறுக்கிறார்,
அந்தக் கருந்தூசி என் தேநீரில்கூட இனிப்பில்லாமல் மிதக்கிறது.
கல்லில் வரவேண்டியவரின் மனைவி
லாமாரா
முக்காலியை இழுத்துப் போட்டு அருகே அமர்கிறார்.
"உங்கள் பெட்டிக்கு என்ன?"
"காய்ச்சல்" என்றேன்.

மறுபடி எழுப்பி அளவு பார்த்தேன்.
சும்மா கிடக்கையிலேயே எழுபத்தெட்டு.
புகைப்படத்தைத் திறந்தால் தொண்ணூறு.
ஊசிக்குக் கட்டளை போனதும் தொண்ணூற்றொன்பது,
அப்புறம் இருட்டு.
லாமாரா எண்ணைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.
"முப்பது வருஷம் என் அவ்தாந்தில்
ரொட்டி அடுப்புக்குள் இடுப்புவரை குனிந்தார்.
இதெல்லாம் ஒரு சூடா?"
சிரிக்கலாமா தெரியவில்லை.
அவரே சிரித்தார்.

பக்கத் தகட்டைக் கழற்றினேன்.
சிப்போடு சும்மா வந்த கூலர்:
உள்ளங்கை அகல அலுமினியம்,
தலையில் ஒரு விசிறி,
நான்கு பிளாஸ்டிக் கால்கள்.
தானமாக வந்த மாட்டை
ஆறு வருஷமாக நான் பல் பிடித்துப் பார்க்கவில்லை.
பார்த்தேன்.
தகடுகளுக்கு இடையே கல்தூசி
கம்பளிபோல் திரண்டிருந்தது,
எத்தனை பேருடைய பெயரை வெட்டியபோது பறந்ததோ.
ஒரு கால் துளையைவிட்டு எழும்பி நின்றது.
மூன்று காலில் எத்தனை நாள் நின்றாயடா?
அடியில் பசை காய்ந்து
சுவர்ச் சுண்ணாம்பாய்ப் பொரிந்தது.

ஸ்பிரிட் தீர்ந்துபோயிருந்தது.
ஸாஸா ஒளித்து வைத்த திராட்சைச் சாராயத்தில்
துணியை நனைத்துத் துடைத்தேன்.
(அவரிடம் சொல்லவில்லை. மணம் சொல்லியிருக்கும்.)
குழாயின் கடைசிப் பசையைப் பிதுக்கினால்
ஒரு பச்சைப்பயறு அளவு வந்தது.
போதும். அதற்கு மேல் வைப்பவர்கள்தான் அழுவார்கள்.
எதிரெதிர் மூலையாக அழுத்தினேன்.
பலகை வளைந்தது
முருங்கைக்கிளை மேல் ஏறியவன்போல்
மூச்சை அடக்கிக்கொண்டேன்.
டக். டக். டக்.
நான்காவது மட்டும் யோசித்தது.
டக்.

எண்பத்தெட்டு.
முன்னைக்கு நல்லது, ஆனாலும் நாலு மணி வெயில் இன்னும் வரவில்லை.
பெரிய கூலர் வாங்க இரண்டு கல் விற்க வேண்டும்,
இந்த மாதம் சாவு குறைவு
என்று ஸாஸா சொல்வதுண்டு, முணுமுணுப்பாக,
யாரும் இல்லாதபோது.

அப்போதுதான் அமைப்புகளுக்குள் போய்
உச்ச வேகம் நூறு என்றிருந்ததைத்
தொண்ணூற்றொன்பது ஆக்கினேன்.
ஒன்றே ஒன்று.
நூறு என்றால் அதற்குத் தாவச் சொன்னதாக அர்த்தம்:
யாரும் கேளாத வேகத்தில் ஓடி,
ஓடியதற்காகவே வேர்த்து, விழும்.
ஒன்றைப் பிடுங்கியதும் நடக்கத் தொடங்கியது.
எழுபத்தொன்று.
எழுபது.
எழுபத்தொன்று.

ஊசி இறங்கியது.
பழைய வரியும் புது வரியும் சேரும் இடத்தில்
மயிரிழைக் கோடு ஒன்று விழுந்துவிட்டது,
இமைக்கு நேர் மேலே.
மறைக்க முடியாது. சொன்னேன்.
"விலையில் கொஞ்சம் குறையுங்கள்" என்றார்,
கல்லைப் பார்க்காமலே.
குறைத்தேன்.

கண்கள் வர ஒன்றரை மணி நேரம் ஆயிற்று.
அவ்வளவு நேரமும்
புகைப்படம் வந்த பழுப்பு உறையை மடித்து
திறந்த பெட்டிக்குள் விசிறிக்கொண்டிருந்தார் லாமாரா.
வேண்டாம், விசிறி இருக்கிறது என்றேன்.
"இருக்கட்டும்" என்று கையை மாற்றிக்கொண்டார்.
அறுபத்தொன்பது.