ஒலி சரியில்லை

பேட்டி முடிந்ததும் கேமராவை அணைத்தார் ரெவாஸ்.
லம்சீரா எழுந்து சமையலறைக்குப் போனாள்,
காலரில் குத்திய மைக்கோடு.
கழற்ற மறந்தது அவளல்ல, நான்.

இமெரெத்தி மலையில் நிலக்கரி தோண்டும் ஊர்.
ஐந்தாவது மாடி, ஓடாத லிஃப்ட்.
காது கொடுத்துக் கேட்பது என் தொழில்.
ஹெட்போனில் குழாய் திறந்தது,
தட்டின்மேல் தட்டு உட்கார்ந்தது,
பிறகு அவள் தங்கையின் குரல், பல்லைக் கடித்தபடி:
"பாத்துமியில் டாக்ஸி ஓட்டுகிறவனை
கஸகஸ்தான் சுரங்கம் விழுங்கியதாகச் சொல்கிறாயே,
கேமரா முன்னால்!"
"பிள்ளைகளுக்கு ஒருவன், படத்துக்கு ஒருவன்,
இரண்டு புருஷனை என்னால் சமாளிக்க முடியாது, சியூரி."
சிரித்தார்கள். சோள ரொட்டி கருகியது.

அந்த இடத்தில் கழற்றியிருக்க வேண்டும்.
ஒலி அளவைச் சரிபார்க்கிறேன் என்று
எனக்கே சொல்லிக்கொண்டேன்.
அவள் கையெழுத்திட்ட படிவத்தில்
'குரல்' என்றுதான் இருக்கிறது,
எந்த அறையின் குரல் என்று இல்லை.

திரும்பி வந்தவர்களிடம் வழக்கம்போல் கேட்டேன்:
முப்பது வினாடி, யாரும் அசையாமல்,
இந்த அறையின் சும்மா இருக்கும் ஓசை வேண்டும்.
ஃப்ரிட்ஜ் முனகியது. கீழே ஒரு நாய்.
எட்டாவது வினாடியில் லம்சீரா குனிந்து
காலரைப் பார்த்தாள்.
பிறகு என்னை.
மீதி இருபத்திரண்டையும் அசையாமல் நின்று கொடுத்தாள்.
முடிந்ததும் மைக்கை என் உள்ளங்கையில் வைத்தாள்,
உடம்புச் சூட்டோடு.

படத்தொகுப்பு அறையில் ரெவாஸுக்கு
அந்த வரிதான் படத்தின் முதுகெலும்பு.
"ஒலி சரியில்லை" என்றேன்.
போட்டுக் கேட்டார். பளிங்குபோல் இருந்தது.
இன்னொரு முறை கேட்டார்.
என் முகத்தில் என்ன படித்தாரோ,
வெட்டினார். காரணம் கேட்கவில்லை;
மூன்று நாள் பேசவும் இல்லை.
ஓட்டையை அந்த முப்பது வினாடியால் அடைத்தேன்.

பொய்யை எடுத்தேன், உண்மையைத் தொடவில்லை,
யாருக்கும் கெடுதல் இல்லை
என்று நினைத்திருந்தேன், திபிலிசியில்
விளக்கு எரிந்த அரங்கில்
அவள் சின்ன மகன்,
புதுச் சட்டை, மேல் பொத்தான் வரை போட்டு,
அம்மாவின் கையை இழுத்துக் கேட்கும் வரை:
"அப்பாவைப் பற்றிச் சொன்னாயே, அது எங்கே?"

"ஒலி சரியில்லையாம்" என்றாள்
என் பக்கம் திரும்பாமல்.