இரண்டாம் கோடு

பழைய முறைக்குச் செவ்வாயன்று வருவேன்.
கழுத்தில் இரண்டு இடம் மழித்து
மேலே பறவைக் காசத்தின் சாரம்,
கீழே மாட்டுக் காசத்தின் சாரம்,
ஊசி முனையளவு வைத்துவிட்டுப் போவேன்.
வெள்ளியன்று திரும்பி வீக்கத்தை அளப்பேன்.
நடுவில் இருக்கும் நாட்களில்
ஹெவின் பால் கறப்பார், அரசாங்கத்தை ஏசுவார்,
வானொலியில் ரக்பி கேட்பார்.
அதுவரை மாடு அவருடையது.

இன்று அந்த ஊசியோடு
வெள்ளைச் சில்லுகளும் பெட்டி நிறையக் கொண்டுபோனேன்.
வாலைத் தூக்கி அடி நரம்பில் எடுத்த ரத்தம் ஒரு சொட்டு,
கரைசல் மூன்று சொட்டு.
இருபது நிமிடம்.
முன்னோட்டம்தான், இதன் முடிவு சட்டத்தில் செல்லாது
என்ற கடிதத்தைப் படித்துக் காட்டினேன்.
"செல்லாததைச் சொல்லவா இத்தனை தூரம்?" என்றார்.
பிரெசெலிக் குன்றிலிருந்து குறுக்கே வந்த மழை
இருவரையும் பொதுவாக நனைத்தது.

நாற்பத்தொரு மாடுகள்.
இரும்புக் கிடுக்கிக்குள் ஒவ்வொன்றாய் நுழைய
நான் காதட்டை எண்ணைப் படித்தேன்,
அவர் பெயரைச் சொன்னார்.
ஏழு, ஒன்று, மூன்று.
"பென்வென்."
வெள்ளைத் தலைக்காரி. நிறைசினை.
சாணியில் வழுக்கிக் கம்பியைப் பிடித்தேன்,
அவள் மூச்சு என் மணிக்கட்டில் சுட்டது.

கவிழ்த்த தீவனப் பெட்டி மேல் சில்லுகளைப் பரப்பினேன்.
முதல் கோடு எல்லாவற்றிலும் வரும்.
சில்லு வேலை செய்கிறது என்பதைத் தவிர
அதற்குச் சொல்ல ஒன்றுமில்லை.

போன மாதம் குளியலறைத் தரையில் உட்கார்ந்து
இதே போன்ற இரண்டாம் கோட்டுக்காக
சொன்ன நேரம் தாண்டியும் காத்திருந்தேன்.
இல்லாத கோட்டை
வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துத் தேடிய கண் இது.
இதற்குத் தெரியும்,
இங்கே வந்திருக்கிறது என்று.
மங்கலாக, இளஞ்சிவப்பாக,
நிறைசினைக்காரியின் சில்லில்.

லோவ்ரி தேநீர்க் கோப்பையை நீட்டியபடியே நின்றாள்.
யாரும் கேட்கவில்லை.
என் முதுகே சொல்லியிருக்க வேண்டும்.

"செல்லாதுன்னு சொன்னீங்களே?"
"ஆமாம்."
"அப்போ வெள்ளிக்கிழமை வரை எனக்குத் தெரியாது."
"கன்று போட எத்தனை நாள்?"
"பன்னிரண்டு. கூடினால் பதினைந்து."
இது மட்டும் தெரிந்திருந்தது.

பிறகு, ஒன்றும் தெரியாத ஹெவின்
பழைய குதிரைக் கொட்டிலின் தாழை உதைத்துத் திறந்தார்.
ஒன்றும் தெரியாமலே
மற்ற நாற்பதையும் பிரித்து
அவளை மட்டும் அதற்குள் நடத்திப் போனார்.
தனி வாளியில் தண்ணீர், தனிக் கவையில் வைக்கோல்.
திரும்பி வந்து
தெரியாத அந்த மனிதர்
கிருமிநாசினித் தொட்டியில் நின்று
பூட்ஸை வெகுநேரம் தேய்த்தார்.
வேலியடியில் வளைக்கரடி தோண்டிய மண்
மழையில் கரைந்து ஓடிக்கொண்டிருந்தது.
அதைப் பார்த்தார். அதையும் ஏசவில்லை.

வெளிவாசலில் வண்டியை நிறுத்தி
சட்டைப் பைக்குள்ளிருந்து அந்தச் சில்லை எடுத்தேன்.
முப்பது நிமிடத்துக்கு மேல் தெரியும் முடிவை நம்ப வேண்டாம்
என்று உறையில் பொடி எழுத்தில் போட்டிருக்கிறது.
ஐம்பது ஆகியிருந்தது.
கண்ணாடித் துடைப்பானை நிறுத்திவிட்டு,
விளக்கைப் போட்டு,
சாய்த்துப் பார்த்தேன்.