பதினோரு புள்ளி

மே மாதம், பத்து நாள், நெற்குப்பை.
ஆள் நாற்பத்து மூன்று. குளியலறை மூன்று.
அதில் ஒன்றுக்குத் தாழ்ப்பாள் இல்லை,
உள்ளே போகிறவர் பாடிக்கொண்டே குளிக்க வேண்டும்.
அடைக்கப்பன் அத்தானுக்குத் தெரிந்தது ஒரே பாட்டு.
இரண்டாம் நாளே எங்களுக்கெல்லாம் மனப்பாடம்.

கணக்கு நோட்டும் அவரிடம்தான்.
'தண்ணி லாரி, சமையலாள், கரண்டு,
புள்ளிக்கு ஆறாயிரத்து ஐந்நூறு' என்றார்.
தாலி கட்டிய இருவர் சேர்ந்தால் இந்த ஊரில் ஒரு புள்ளி.
எட்டாவது வரியில் சோலையப்பன் என்று இருந்தது.
நானும் அதற்குள்தான் இருந்தேன்.

பணத்தைப் பாதி பாதியாகப் போட்டோம்,
பக்கத்தில் பக்கத்தில் நின்று, அவரவர் போனில்.
பிப்ரவரியிலிருந்து அவர் துரைப்பாக்கம், நான் அம்பத்தூர்.
இங்கே யாருக்கும் தெரியாது.
லீவு முடியட்டும், சொல்லிவிடலாம் என்று
ஒரு காபிக்கடையில் பேசி முடித்திருந்தோம்,
பில்லையும் பிரித்துக்கொண்டு.

நடிப்பது கஷ்டமாக இல்லை.
அறைக்குள் யார் தூங்கினார்கள், அந்த வெயிலில்?
வளவைச் சுற்றி வரிசையாகப் பாய்,
இந்தப் பக்கம் பெண்கள், அந்தப் பக்கம் குறட்டை.
சிக்கல் சாவியில்தான்.
முழங்கை நீளச் சாவி, ஒன்றே ஒன்று.
ஒரு துண்டு எடுக்க வேண்டுமென்றால்
'சோலை எங்கே?' என்று கேட்க வேண்டும்.
'மாடியில!' 'கிணத்தடியில!' 'சீட்டாட்டத்துல, தோத்துக்கிட்டு!'
வீடே பதில் சொல்லும்.
கூட வாழ்ந்த ஒன்பது வருடத்தில்
அவர் பெயரை இத்தனை முறை நான் கூப்பிட்டதில்லை.

மெல்பர்ன் ஆதிரைக்கு ஒன்பது வயது.
டம்ளர் மாறிப்போகிறது என்று பெரியவர்கள் போட்ட கூச்சலில்
ஒவ்வொன்றிலும் பெயர் எழுதி ஒட்டினாள்.
புள்ளி வைக்க அவளுக்கு இன்னும் பழக்கமில்லை.
அடைககபபன. தேனமமை. வெளளையன.
எழுதியபடியே வாசிக்கப் பார்த்து
மூச்சுத் திணறி, புரையேறி, சாப்பாடு ஆறிப்போயிற்று.

கடைசியில் ஒரு டம்ளர் குறைந்தது.
எங்களுக்கு ஒன்றையே நீட்டினாள்:
சோலையபபன மெயயமமை.
'உங்க ரெண்டு பேருக்கும் சேத்து.
நீங்கதான் சண்டையே போடுறதில்லையே.'

ஆமாம், மற்ற பத்துப் புள்ளியும் போட்டது.
மின்விசிறிக்கு, மீன் தலைக்கு,
'உங்க தங்கச்சி என்ன சொன்னா தெரியுமா'வுக்கு,
விடிந்ததிலிருந்து.
தேனம்மை ஆச்சி இலையை எடுத்துக்கொண்டே
எங்களை ஒருமுறை பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

ஏழாம் நாள் இரவு டிரான்ஸ்பார்மர் வெடித்தது.
நாற்பத்து மூன்று பேரும் விழித்துக் கிடந்தோம்.
யாரோ இருட்டில் அத்தானின் பாட்டை எடுத்துவிட,
வளவு முழுக்கச் சேர்ந்து பாடியது, அத்தானைத் தவிர.
தண்ணீர்ப் பானைக்குத் தடவித் தடவிப் போனேன்.
டம்ளர் அங்கே இல்லை.
'இங்கே இருக்கு' என்றார், பானைக்கு அந்தப் பக்கம்.
அண்ணாந்து குடித்துவிட்டு நீட்டினார்.
பாதி இருந்தது.

'இப்பவே சொல்லிடலாமா, மெய்யா?
இருட்டுல யார் முகமும் தெரியாது.'

'கரண்டு வரட்டும்' என்றேன்.

விடியற்காலை வந்தது. நான் தூங்கியிருந்தேன்.
அவரும் அப்படித்தான் சொன்னார்.

பத்தாம் நாள், வாசலில் வண்டிகள்.
மீதி புள்ளிக்கு முந்நூற்று ஏழு ரூபாய்,
அத்தான் எண்ணிக் கொடுத்தார்.
ஆச்சி மாங்காய் வற்றல் பொட்டலம் கொடுத்துக்கொண்டே வந்தார்,
புள்ளிக்கு ஒன்று, அளந்த மாதிரி.
எங்கள் முன் வந்ததும் பையைத் துழாவி
அவர் கையில் ஒன்று வைத்தார்.
என் கையில் ஒன்று.

காரைக்குடி தாண்டித்தான் பார்த்தேன்.
மேலே என் பெயர் மட்டும், பேனாவால், பிழையில்லாமல்.
அதில் இரண்டு புள்ளி.