மரத்தூள்

அன்றைய கூட்டத்தில் எட்டாவது பொருள் அது.
ஏழாவது, உறைந்த ஏரிமேல் பனிச்சாலையை
எப்போது திறப்பது என்பது.
அதற்கு ஒரு மணி நேரம் சண்டை போட்டோம்.
எட்டாவதுக்கு ஆறு நிமிடம்.
ஹாப்பலஹ்தி பள்ளியின் துப்புரவைத் தனியாருக்கு விட்டால்
ஆண்டுக்கு முப்பத்தொன்பதாயிரம் யூரோ மிச்சம்.
இருபத்தொரு பேரில் பன்னிரண்டு கை உயர்ந்தது.
ஒன்றின் நகக்கண்ணில் பைன் மரத்தூள்.
அந்தப் பள்ளியில் மரவேலை வாத்தியார் நான்.

ஹில்க்காவுக்கு என்மேல் பழைய கோபம்.
"உன் பிள்ளைகள் நடைவழி முழுக்கத் தூளை விதைக்கிறார்கள்,
முளைக்கவா போகிறது?" என்பாள்.
சொல்லிக்கொண்டே பெருக்குவாள்.

ஃபின்லாந்தில் பிள்ளைகள்
வாசலிலேயே பூட்ஸைக் கழற்றிவிட்டு
காலுறையோடுதான் வகுப்புக்குள் நடப்பார்கள்.
தரை எப்படி என்று அறிய
மாலையில் காலுறையைக் கவிழ்த்தால் போதும்.
இருபத்திரண்டு வருஷம் யாரும் கவிழ்த்துப் பார்க்கவில்லை.

அவள் அலமாரியில்
மூன்று அளவில் உலர்ந்த கால்சட்டைகள் இருந்தன,
நனைத்துக்கொண்டவனை
நண்பர்கள் பார்ப்பதற்குள் மாற்றிவிட.
கழிப்பறைக்குள் எவன் அழப் போகிறான்
எவன் புகைக்கப் போகிறான் என்பது
குழாய் திறக்கும் சத்தத்திலேயே அவளுக்குத் தெரியும்.
ஒப்பந்தப்புள்ளியில்
இதற்கெல்லாம் கட்டம் இல்லை.
சதுர மீட்டருக்கு இருந்தது.

நிறுவனம் அவளையும் சேர்த்தே எடுத்துக்கொண்டது,
வீட்டோடு விற்ற பூனையைப் போல.
ஓராண்டில் பாதி வேலை நேரம் போயிற்று.
பிறகு அவளும்.
இப்போது கூட்டுறவுக் கடையில் மீன் நிறுத்துத் தருகிறாள்.
எனக்கு மட்டும் காகிதத்தை
இரண்டு சுற்று கூடுதலாகச் சுற்றுகிறாள்.
கோபமா கரிசனமா, கேட்கத் துணிவில்லை.

நொங்லக் விடியுமுன் வருகிறாள்.
மூன்று பள்ளி, ஒரு சுகாதார நிலையம்,
நடுவே பனியில் கார்.
வகுப்பறைக்கு நான்கு நிமிடம் என்று
அவள் கைப்பேசி சொல்கிறது,
முடிந்ததும் கூவுகிறது.
தரை துடைப்பது திங்களும் வியாழனும்.
செவ்வாய்க்கிழமை அழுக்கு
தன் முறைக்குக் காத்திருக்க வேண்டும்.
ஒருநாள் காப்பி கொடுத்தேன்.
நின்றபடி இரண்டு வாய் குடித்தாள்.
நன்றி சொல்ல நேரம் ஒதுக்கப்படவில்லை.
சொன்னாள்.

பிப்ரவரியில், பத்து இருபதுக்கு,
கோட்டுகள் மாட்டுமிடத்தில்
இரண்டாம் வகுப்பு வில்யாமி வாந்தி எடுத்தான்.
நிறுவனத்தை அழைத்தோம்.
நாற்பத்தேழு கிலோமீட்டர், தனிக் கட்டணம்,
மதியம் இரண்டுக்குள் பார்க்கலாம்
என்று ஒரு குரல் கைவிரித்தது.
துடைப்ப அறைக்குப் பூட்டு.
சாவி நொங்லக்கின் கைப்பேசிக்குள்.
பத்தொன்பது பிள்ளைகள்
காலுறையோடு பெஞ்சுமேல் ஏறி நின்றார்கள்,
வெள்ளத்துக்கு ஒதுங்கிய கோழிகள்.

என் வகுப்பில்
அள்ள ஆளில்லாமல் குவிந்திருந்ததை
வாளியில் கொண்டுவந்தேன்.
தூவினேன். உறிஞ்சியது.
நாற்றத்தின் மேல் பிசின் மணம் ஏறியது.
முட்டிபோட்டு, ஒட்டுப்பலகைத் துண்டால் வழித்தேன்.
வெளிறிய முகத்தோடு பார்த்துக்கொண்டே நின்றவன் கேட்டான்:
"இப்போ நீங்கதான் ஹில்க்காவா?"

இல்லை என்றேன்.
வேறென்ன சொல்வது,
அவளை நான் ஆறு நிமிடத்தில் கைகழுவியவன் என்றா?

குழாயடிக்குப் போனேன்.
சோப்பு டப்பா காலி.
மூன்று நாளாக, என்றாள் ஒரு சிறுமி,
கால்சட்டையில் கையைத் துடைத்தபடி.

மே மாதம் ஒப்பந்த நீட்டிப்பு வருகிறது,
நான்காவது பொருளாக.
பேசப் பெயர் கொடுத்திருக்கிறேன்.
உறுப்பினருக்கு மூன்று நிமிடம்.
ஒரு வகுப்பறைக்குக் கொடுப்பதைவிட
ஒரு நிமிடம் குறைவு.