கல் கிட்டிய இடம்

பழைய பத்திரம் மலையாளத்தில்.
படித்துக் கேட்க மார்த்தாண்டம் வரை போனேன்:
வடக்கே வரிக்கைப் பிலாவு,
கிழக்கே தாசையன் விளை.
பிலாவு கட்டிலாகிவிட்டது.
தாசையன் கல்லறைத் தோட்டத்தில்
ஆறடியோடு ஒதுங்கிக்கொண்டார்.

கம்பியும் கல்தூணும் திங்களன்றே இறங்கிவிட்டன.
சர்வேயர் ரப்பர் சருகை ஒதுக்கி
நாடாவை இழுத்து, படத்தைத் திருப்பி, மறுபடி இழுத்து,
இங்கே வெட்டுங்க என்றார்.

மண்வெட்டி ணங்கென்றது
றோஸ்லெட்டின் பக்கமல்ல,
எங்கள் குளிமுறி வாசலில்.
நாலேகால் அடி.

பன்னிரண்டு வருஷமாக
அவள் மண்ணில் நின்று குளித்திருக்கிறேன்.
அவள் கோழி இங்கே தாண்டியதற்குச்
சண்டையும் போட்டிருக்கிறேன்.

கையாலைக்கு அப்பால் மரச்சீனி பிடுங்கியவள்
நிமிராமலே கேட்டாள்:
"கல்லு கிட்டிச்சா?"

சர்வேயர் என்னைப் பார்த்தார்.
என் செருப்பு
கல்லின் மேல் இருந்தது.