மிளகளவு

மெர்பேங்க்கில் அன்று காற்று
எண்ணெய் ஆலைப் பக்கமிருந்து வீசியது.
குபேந்திரன் சமையலறைத் தரையில்
முழங்காலை மார்போடு கட்டிக்கொண்டு
முதுகு வழியே யாரோ ஆணி இறக்குகிறார்கள் என்றான்.
முன்னால் குனிந்தால் கொஞ்சம் தேவலை.
படுத்தால் உயிர் போகிறது.

அவசரப் பிரிவில் மூன்று பேர் கேட்டார்கள்,
மூன்று பேரும் ஒரே கேள்வி:
குடிப்பாரா?
நிறுத்தி இரண்டு வருஷம் நாலு மாசம்
என்றான் அவன், வாந்திக்கு நடுவில்.
தாதி என்னைப் பார்த்தாள்.
நான் சுவரைப் பார்த்தேன்.
அதுவே பதிலாகக் காகிதத்தில் ஏறியது.

லைபேஸ் இரண்டாயிரத்து முந்நூறு.
அது என்ன கணக்கென்று தெரியாது;
எத்தனை பாட்டில் என்று
மனம் மட்டும் வகுத்துக்கொண்டிருந்தது.

இரவு பதினொன்றுக்கு வீடு வந்து
கராஜைக் கவிழ்த்தேன்.
பெயின்ட் டப்பாக்களுக்குப் பின்னால்,
தூண்டில் பெட்டிக்குள்,
பழைய டயரின் வயிற்றில் கைவிட்டு.
கிடைத்தது.
பிராந்தி பாட்டில், பாதி.
மூடியைத் திருகி முகர்ந்தேன்:
புல்வெட்டும் இயந்திரத்துக்கு வைத்த பெட்ரோல்.
அப்போதும் நம்பவில்லை.
ஒரு சொட்டு விரலில் தொட்டு
நாக்கில் வைத்தேன்.

மறுநாள் ஸ்கேன்.
டாக்டர் ந்தூலி என் கரண்ட் பில்லின் பின்பக்கத்தில்
வரைந்து காட்டினாள்:
பித்தப்பையிலிருந்து ஒரு குழாய்,
கணையத்திலிருந்து ஒரு குழாய்,
இரண்டுக்கும் கடைசியில் ஒரே வாசல்.
வாசலில் ஒரு கல். மிளகளவு.
சோற்றைக் கரைக்க வேண்டிய நீர்
வெளியேற வழியில்லாமல்
கணையத்தையே கரைக்கத் தொடங்கிவிட்டது.
குடிக்கவே இல்லை அம்மா இவர் என்றாள்.
எனக்குத் தேவையான வாக்கியம்
ஒரு ராத்திரி பிந்தி வந்தது.

அடுத்த படுக்கையில் லுங்கேலோ. இருபத்தாறு வயது.
அதே வலி, அதே சொட்டு மருந்து,
தலைமாட்டில் அதே அட்டை:
வாய்வழி ஒன்றும் கூடாது.
அவன் தாய் ஃபிளாஸ்க்கிலிருந்து
எனக்கும் தேநீர் ஊற்றினாள்.
என் மகனுக்குப் பீர். உன் ஆளுக்கும் அதுதானா?
கல் என்று சொல்லியிருக்கலாம்.
சொன்னால் அந்த அறையில்
அவள் மகன் மட்டும் குற்றவாளியாக மிஞ்சுவான்.
தேநீர் நல்லா இருக்கு என்றேன்.

நாலாம் நாள் அவனுக்குச் சிறுநீரகம் நின்றது.
ஆறாம் நாள் படுக்கையில் புது விரிப்பு.
ஃபிளாஸ்க்கின் மூடி மட்டும்
ஜன்னலோரம் கவிழ்ந்திருந்தது.

குபேந்திரன் இருபத்திரண்டு நாள் கழித்து
இடுப்பில் நிற்காத கால்சட்டையோடு வந்தான்.
பித்தப்பையை எடுக்க இன்னொரு தேதி.
கணையத்தில் ஒரு துண்டு செத்துவிட்டதாம்,
இனி தினமும் இன்சுலின்.
அன்றைக்கு நீ ஏன் பேசவே இல்லை என்று
ஒருமுறை கேட்டான்.
பயந்துட்டேன் என்றேன்.
அதுவும் பொய்யில்லை.

இன்று சனி. புல் முழங்கால் உயரம்.
கராஜிலிருந்து கத்துகிறான்:
இந்தப் பாட்டில் மூடியை
யார் இப்படி இறுக்கி வச்சது?

நான் ஊசியை வெளிச்சத்தில் பிடித்து
குமிழியைச் சுண்டிக்கொண்டிருக்கிறேன்.